சாயாத படகைப் படிப்பது எப்படி: கேட்டமரன் ஓட்டத்தின் அடுத்த கட்டம்

கேள்வி இதுதான். பல வருடம் ஒற்றை ஹல் (தண்ணீரில் மிதக்கும் படகின் உடல்) பாய்மரப் படகு ஓட்டிய ஒருவர், இப்போது 42 அடி க்ரூஸிங் கேட்டமரனில், அதாவது இரண்டு ஹல் உள்ள பயணப் படகில், நீண்ட கடல் பயணத்துக்குத் தயாராகிறார். அடிப்படைப் பயிற்சி முடிந்துவிட்டது. "பாய் ஏற்றத் தெரியும், சுருக்கத் தெரியும், நங்கூரம் போடத் தெரியும். கேட்டமரன் சாயாமல் போவதால் எல்லாமே சுலபமாகத் தெரிகிறது. இதற்கு மேல் நான் என்ன கற்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

அந்த "சுலபமாகத் தெரிகிறது" என்பதிலிருந்தே தொடங்குகிறேன். ஒற்றை ஹல் படகு காற்று கூடினால் சாயும். சாய்ந்தால் பாயிலிருந்து காற்று வழிந்து போகும், சுக்கான் கனக்கும், தளத்தின் ஓரம் தண்ணீரைத் தொடும், உள்ளே அலமாரியிலிருந்து சாமான் உருளும். "பாயைக் குறை" என்று படகே கத்துகிறது. கேட்டமரன் அப்படிக் கத்தாது. 12 நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) காற்றிலும் 25 நாட் காற்றிலும் மேசைமேல் வைத்த தண்ணீர் டம்ளர் அதே இடத்தில் இருக்கும். சாய்ந்து வெளியே போக வேண்டிய விசை முழுக்கப் பாய்மரத்திலும் கம்பிகளிலும் கயிறுகளிலும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது, சாய்வு இல்லாமல் சுமையைப் படிப்பது. கீழே சொல்லப்போகும் எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது.

(கேட்டமரன் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இந்தப் படகின் வடிவம் பசிபிக் தீவு மக்களின் இரட்டை ஓடத்தைச் சேர்ந்தது. சேர்த்துக் கட்டிய மரங்களுக்கும் தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டு ஹல்லுக்கும் கடலில் நடத்தை வேறு.)

முதலில் ஒரு சின்னக் கணக்கு, ஏனென்றால் இது மனதில் பதிந்தால் பாதி வேலை முடிந்தது. படகின் எடை 10 டன், இரண்டு ஹல்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 5.5 மீட்டர் என்று வையுங்கள். காற்றுப் பக்க ஹல்லைத் தண்ணீரிலிருந்து தூக்க, 10 டன்னை 2.75 மீட்டர் தூரத்தில் எதிர்க்க வேண்டும். அதாவது 27.5 டன்-மீட்டர். பாய் மொத்தம் 100 சதுர மீட்டர், அதன் விசை மையம் 9 மீட்டர் உயரத்தில் என்றால், பக்கவாட்டில் சுமார் 3 டன் விசை போதும், ஹல் எழும்பிவிடும். முழுப் பாயில் அந்த விசை ஏறத்தாழ 40 நாட் காற்றில் வரும். 40 நாட் என்றதும் ஏகப்பட்ட இடம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் விசை காற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 20 நாட்டில் இருந்த விசை 28 நாட்டில் இரண்டு மடங்கு, 40 நாட்டில் நான்கு மடங்கு. தவிர இந்தக் கணக்கு தட்டையான தண்ணீருக்கும் சீரான காற்றுக்கும் போட்டது. அலை ஒரு ஹல்லைக் கீழிருந்து தூக்கும்போது, அதே நொடியில் திடீர்க் காற்றும் அடித்தால், மிச்சம் இருக்கும் இடம் சட்டென்று சுருங்கிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. அடியில் கனமான கீல் (ஹல்லுக்குக் கீழே தண்ணீருக்குள் நீளும் தகடுபோன்ற பகுதி) உள்ள ஒற்றை ஹல் படகு சாயச் சாய, நிமிரும் பலம் வெகுதூரம் வரை கூடிக்கொண்டே போகும். கேட்டமரனில் அந்தப் பலம் காற்றுப் பக்க ஹல் தண்ணீரை விடும் கணத்தில், 10 டிகிரியை ஒட்டிய சாய்விலேயே உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கப்புறம் குறையத்தான் செய்யும். அதனால் க்ரூஸிங் கேட்டமரனில் ஹல்லைத் தூக்கிப் பார்க்கும் ஆசையே கூடாது. எங்கே எழும்பும் என்பது தெரிந்திருக்க வேண்டும், அந்தக் காற்றில் பாதி வரும்போதே முதல் ரீஃப் போட்டிருக்க, அதாவது பாயை ஒரு படி சுருக்கியிருக்க வேண்டும். பெரும்பாலான க்ரூஸிங் கேட்டமரன்களில் முதல் ரீஃப் 18 முதல் 22 நாட் தோற்றக் காற்றில் வருவது இதனால்தான். உங்கள் படகைக் கட்டியவர்கள் ஒரு ரீஃப் அட்டவணை கொடுத்திருப்பார்கள். அது "முடிந்தால் பின்பற்றவும்" என்ற வகைக் காகிதம் கிடையாது. சக்கரத்துக்குப் பக்கத்தில் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள். ஒற்றை ஹல்லில் சராசரிக் காற்றுக்கு ரீஃப் போட்டுவிட்டு, திடீர்க் காற்றில் கொஞ்சம் சாய்ந்து சமாளிக்கலாம். கேட்டமரனில் திடீர்க் காற்றின் உச்சத்துக்குத்தான் ரீஃப். சராசரி 17, அவ்வப்போது 24 என்றால் உங்கள் எண் 24.

தோற்றக் காற்று என்றேன். நின்ற இடத்தில் அடிக்கும் உண்மைக் காற்றோடு படகின் ஓட்டமும் சேர்ந்து தளத்தில் உணரும் காற்று அது. இதில் நானே ஒரு இரவு நன்றாக மாட்டிக்கொண்டேன். பின்காற்றில் போய்க்கொண்டிருந்தோம். உண்மைக் காற்று 24 நாட், படகு 9 நாட். திரையில் நான் வைத்திருந்தது தோற்றக் காற்றை மட்டும். அது 16 காட்டியது. முழுப் பெரிய பாய் மேலே. தளத்தில் நின்றால் இதமான காற்று, அலை பின்னாலிருந்து மெல்லத் தூக்கி விட்டுவிட்டுப் போகிறது, இதைவிடச் சுகமான இரவு இல்லை என்று தோன்றியது. திடீரென்று முன்னால் ஏதோ கறுப்பாக மிதந்தது. மரக்கட்டையா, வலையா என்று பார்க்க நேரம் இல்லை. சக்கரத்தைக் காற்றை நோக்கித் திருப்பினேன். நாலைந்து நொடியில் அதே எண் 29 ஆனது. காற்று மாறவே இல்லை, நான்தான் திரும்பினேன். பாயில் விசை மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. பாய்மரத்திலிருந்து ஒரு முனகல் தளம் வழியாக உள்ளங்காலுக்கு வந்தது. ஒதுக்குப் பக்க (காற்று வரும் பக்கத்துக்கு மறுபக்க) முன்முனையில் எப்போதும் தெரியும் வெள்ளைக் கோடு காணாமல் போய், தண்ணீர் பச்சையாகத் தளத்தின் விளிம்பு வரை ஏறியது. டிராவலர் (பெரிய பாயைப் பக்கவாட்டில் நகர்த்தும் வண்டி) கயிற்றை விட்டதும் படகு மூச்சுவிட்டதுபோல எழுந்தது. எதுவும் உடையவில்லை. ஆனால் அன்றிலிருந்து பின்காற்றில் என் திரையில் உண்மைக் காற்றுதான் இருக்கும். "இப்போதே காற்றை நோக்கித் திரும்ப வேண்டி வந்தால் இந்தப் பாய் சரியா?" என்று மணிக்கொரு முறை கேட்டுக்கொள்வேன்.

சரி, எண்களைத் தவிர வேறு எதைப் படிப்பது? ஒதுக்குப் பக்கத்தில் பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் பக்கக் கம்பியைப் பாருங்கள். அது தளர்ந்து ஆடத் தொடங்கினால் மறுபக்கத்துக் கம்பி நன்றாக இழுபடுகிறது என்று அர்த்தம். ஒதுக்குப் பக்கத்துப் பின்படியில் நின்று முன்னோக்கிப் பாருங்கள்: அந்த ஹல்லின் முன்முனை தண்ணீருக்கு மேல் எவ்வளவு நிற்கிறது? சாதாரண நாளில் ஒருமுறை பார்த்து மனதில் பதித்துக்கொண்டால், குறையும்போது கண் தானாகப் பிடிக்கும். சுக்கானின் கனம், பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிறு வின்ச்சில் (கயிறு சுற்றி இழுக்கும் உருளை) போடும் கிறீச் சத்தம், இரண்டு ஹல்லுக்கும் இடையே ஓடும் தண்ணீரின் இரைச்சல், எல்லாம் சேதிதான். அப்புறம் வேகம். 8 நாட்டில் போகும் படகு அடிக்கடி 13, 14 என்று துள்ளினால் கைதட்ட வேண்டிய நேரம் அது இல்லை, பாயைக் குறைக்க வேண்டிய நேரம்.

திடீர்க் காற்று அடித்தால் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பது ஒற்றை ஹல் பழக்கம் உங்களை ஏமாற்றும் இடம். எதிர்காற்றில் போகும்போது காற்றை நோக்கி மெல்லத் திருப்பினால் பாய் விசை குறையும். இரண்டு படகிலும் இது ஒன்றுதான். பின்காற்றில் போகும்போது காற்றை விட்டு விலக்க வேண்டும். படகு காற்றோடு ஓட, தோற்றக் காற்று குறையும். ஒற்றை ஹல் பழக்கத்தில் கை காற்றை நோக்கித் திருப்பினால், தோற்றக் காற்று கூடுவது ஒரு பக்கம், திரும்பும் வேகத்தின் வெளித்தள்ளல் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே திசையில் சாய்க்கும். நடுவே, காற்று பக்கவாட்டில் வரும்போது சுக்கானால் எந்தப் பக்கம் திருப்பியும் உடனே தப்பிக்க முடியாது. எந்தப் பக்கம் போனாலும் முதல் சில நொடி விசை கூடத்தான் செய்யும். அங்கே முதலில் கயிறு, அப்புறம்தான் சுக்கான். டிராவலரையோ ஷீட்டையோ விடுங்கள். பலமான பக்கக்காற்றில் அந்தக் கயிறு ஒருவர் கைக்கு எட்டும் தூரத்தில், சிக்கில்லாமல், ஒரே அசைவில் விடும்படி இருக்க வேண்டும். தானியங்கி சுக்கானை நம்பி எல்லாரும் உள்ளே உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் இது தேவைப்படும்.

பெரிய பாயைப் பற்றி இன்னும் கொஞ்சம். பெரும்பாலான க்ரூஸிங் கேட்டமரன்களில் பாய்மரத்துக்குப் பின்கம்பி கிடையாது. பக்கக் கம்பிகள் பின்னோக்கிச் சாய்த்துக் கட்டப்பட்டிருக்கும், அதுவும் பெரிய பாயின் பின்விளிம்பு இழுவையும் சேர்ந்துதான் பாய்மரத்தைப் பின்னால் பிடிக்கிறது. பாய்மர உச்சியிலிருந்து பெரிய பின்காற்றுப் பாய் பறக்கும்போது மெயின் ஷீட்டை (பெரிய பாயின் ஷீட்டை) ஒரேயடியாகத் தளர்த்தினால் அந்தப் பிடிப்பையும் தளர்த்துகிறீர்கள். முதலில் முன்பாயை அடக்கிவிட்டுப் பெரிய பாய்க்கு வாருங்கள்.

டிராவலர் கேட்டமரனில் ஏறக்குறைய படகின் முழு அகலத்துக்கு ஓடும். இது பெரிய வசதி, பலர் பயன்படுத்துவதே இல்லை. ஷீட் பாயின் முறுக்கை வைக்கிறது, டிராவலர் பாயின் கோணத்தை வைக்கிறது. காற்று கொஞ்சம் கூடினால் ஷீட்டை அப்படியே வைத்து டிராவலரை இறக்குங்கள். இன்னும் கூடினால் ஷீட்டைச் சற்று விட்டு மேல்பாதியை முறுக விடுங்கள். உயரத்தில் இருக்கும் விசை முதலில் போகும், அதுதான் ஹல்லைத் தூக்கும் விசை.

பின்காற்றில் ரீஃப் போடுவது தனிக் கலை. பக்கக் கம்பிகள் பின்னால் சாய்ந்திருப்பதால் பாய் அவற்றின் மேல் படுத்துவிடும், முழுநீள பேட்டன்கள் (பாயை விறைப்பாக வைக்கும் குச்சிகள்) கம்பியில் அழுந்தும், பாயை இறக்க இழுத்தால் பாய்மரத்தில் ஓடும் வண்டிகள் இறுகிப் பிடிக்கும். கடல் இடம் கொடுத்தால், முன்பாயைச் சுருட்டிவிட்டு ஒரு எஞ்சினை மெதுவாக முன்னோக்கி ஓடவிட்டு, பாய் கம்பியிலிருந்து விலகும்வரை காற்றை நோக்கித் திருப்பி ரீஃப் போடுவதே நல்லது. அலை பெரிதாகி, திரும்புவதே ஆபத்து என்ற நிலையில் திரும்பாமல் போட வேண்டும்: ஷீட்டையும் டிராவலரையும் இழுத்து பூமை (பெரிய பாயின் அடிக் கட்டையை) நடுவுக்குக் கொண்டு வாருங்கள், பாய் கம்பியை விட்டுவிடும். பிறகு ஹல்யார்டை (பாயை ஏற்றும் கயிற்றை) அரை மீட்டர் விட்டு, ரீஃப் கயிற்றை அதே அளவு இழுத்து, மறுபடி அரை மீட்டர். முன்விளிம்பைக் கீழே இழுக்கத் தனிக் கயிறு இருந்தால் வேலை பாதி. பாய் நடுவில் இருக்கும்போது தவறி ஜைப் ஆனாலும் (பின்காற்றில் பாய் மறுபக்கம் மாறினாலும்) பூம் வெகுதூரம் பறக்காது. நான் ஓட்டும் படகில் இருட்டுவதற்கு முன் எப்போதும் ஒரு ரீஃப் போட்டுவிடுவோம், வானம் எப்படி இருந்தாலும். அரை நாட் வேகம் போகும், தூக்கம் கிடைக்கும்.

டேக் அடிக்கும்போது, அதாவது முன்முனையைக் காற்றின் குறுக்கே மறுபக்கம் திருப்பும்போது, பலருக்கு முதல் மாதம் வெறுத்துப்போகும். படகு காற்றுக்கு நேர் எதிரே வந்து நின்று, பின்னால் நகரத் தொடங்கிவிடும். காரணம் எளிது: நீளத்துக்கு எடை குறைவு, காற்றுக்கு எதிரே நிற்கும் பரப்பு அதிகம், ஓட்டத்தில் சேமித்த வேகம் சட்டென்று போய்விடுகிறது. திருப்பும் முன் கொஞ்சம் காற்றை விட்டு விலக்கி வேகம் சேருங்கள். அலைகளுக்கு நடுவே ஒரு தட்டையான இடம் வரும்வரை பொறுங்கள். சக்கரத்தை முரட்டுத்தனமாகத் திருப்பாதீர்கள். இரண்டு சுக்கானும் முழுக்கத் திரும்பினால் அவை பிரேக்தான். முதலில் மெதுவாக, படகு திரும்பத் தொடங்கியதும் கூட்டிக்கொண்டே போங்கள். முன்பாயை அவசரப்பட்டு விடாதீர்கள். அது மறுபக்கக் காற்றில் உப்பி முன்முனையைத் தள்ளிக் கொடுக்கும், அப்புறம் விடலாம். முன்முனை காற்றைத் தாண்டும்போது மெயின் ஷீட்டை ஒரு மீட்டர் விடுங்கள். விடாவிட்டால் பெரிய பாய் காற்றாடியின் வால்போலப் படகை மறுபடி காற்றுக்கு நேரே இழுக்கும். சிக்கி நின்றுவிட்டால் பதறாமல், படகு பின்னால் நகரும்போது சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்புங்கள். துறைமுக வாயிலிலோ பாறைக்கு அருகிலோ என்றால் ஒதுக்குப் பக்க எஞ்சினைத் தயாராக வைத்திருப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எதிர்காற்றில் இன்னொரு ஆசையை விட வேண்டும்: ஒட்டி ஒட்டிப் போவது. சிறிய நிலையான கீல் உள்ள படகு உண்மைக் காற்றுக்கு 45 டிகிரியில் மூக்கைக் காட்டும், ஆனால் வேகம் செத்து, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். 55 டிகிரிக்கு விலக்கி வேகத்தை மீட்டால் கீல்களில் தூக்கு விசை பிறக்கும், உண்மையில் போகும் பாதை மேலாக இருக்கும். நம்பிக்கை வரவில்லை என்றால் ஜிபிஎஸ் பாதையை அரை மணி நேரம் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள்.

டேகர்போர்டு (கீலுக்குப் பதில் ஏற்றி இறக்கும் பலகை) உள்ள படகு என்றால் இன்னும் உயர்வாகப் போகலாம், ஆனால் பொறுப்பும் கூடும். மிதமான எதிர்காற்றில் கீழே, பின்காற்றில் பெரும்பாலும் மேலே. கடும் காற்றிலும் பெரிய அலையிலும் அவற்றைத் தூக்கிவிட வேண்டும். உடையும் அலை பக்கத்தில் மோதும்போது படகு வழுக்கிப் போக வேண்டும். ஆழமாக இறக்கிய ஒதுக்குப் பக்க போர்டு அதைத் தடுக்கி விழச் செய்யும்.

பின்காற்றில் நேராக ஓடுவது பொதுவாக நஷ்டம். காற்றுக்கு 180 டிகிரிக்குப் பதில் 150 டிகிரியில் போனால் தூரம் 15 சதவீதம் மட்டுமே கூடுகிறது. நேராக 6 நாட் போகிறீர்கள் என்றால் 150 டிகிரியில் 7 நாட் வந்தாலே லாபம், நல்ல கேட்டமரனில் அது எளிதில் வரும். 140 டிகிரி என்றால் தூரம் 30 சதவீதம் கூடும். லேசான காற்றில் அது பலன் தரும், பலமான காற்றில் தேவையே இல்லை. ஜைப் செய்வது கேட்டமரனில் ஒற்றை ஹல்லைவிட அமைதியான வேலை, அவசரப்படாதவரை: டிராவலரை நடுவில் பூட்டி, ஷீட்டை முழுக்க இழுத்து, படகு அலையில் சறுக்கும் நேரத்தில், அதாவது பாயில் காற்று குறைவாக இருக்கும் நேரத்தில் மெல்லத் திருப்பி, பாய் மறுபக்கம் வந்ததும் ஷீட்டைத் தாராளமாக விடுங்கள். டிராவலர் வண்டியை மட்டும் தானாக ஓட விடாதீர்கள். முழு நீளம் ஓடி முனையில் மோதினால் அது தளத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டு போகும்.

எடையைப் பற்றி எத்தனை சொன்னாலும் தகும். கேட்டமரனில் இடம் நிறைய, அதனால் சாமான் நிறைய. மெல்லிய ஹல் கொஞ்சம் எடைக்கே ஆழமாக இறங்கிவிடும், வேகம் போகும், நடுத்தளத்தின் அடிப்பகுதி தண்ணீரை நெருங்கும். அப்புறம் எதிர்காற்றில் ஒவ்வொரு அலையும் அடியில் அறையும். அந்த அறை விழும்போது உள்ளே படுத்திருப்பவருக்குப் படகு இரண்டாகப் பிளந்ததுபோல இருக்கும். கனமானதை நடுவிலும் கீழேயும் வையுங்கள். முன்முனைப் பெட்டிகளில் ஃபெண்டரும் (துறையில் உரசாமல் காக்கும் மெத்தை) கயிறும் போதும். அங்கே சங்கிலியும் டீசலும் போனால் படகு தலையாட்டத் தொடங்கிவிடும். சரக்கேற்றிய பிறகு ஒரு நாள் தட்டையான தண்ணீரில் டிங்கியில் (சிறு துணைப் படகில்) சுற்றி வந்து, நீர்க்கோடு நான்கு முனையிலும் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

இப்போது துறைக்கு வருவோம். நிறையப் பேர் கடலைவிட இதற்குத்தான் பயப்படுகிறார்கள். ஐந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு எஞ்சின் இருப்பது பெரிய வரம். இரண்டு துடுப்புபோல நினைத்துக்கொள்ளுங்கள். இடது எஞ்சின் முன்னோக்கி, வலது பின்னோக்கி என்றால் முன்முனை வலப்பக்கம் திரும்பும், படகு நின்ற இடத்திலேயே சுற்றும். 2 நாட்டுக்குக் கீழே சுக்கானை நடுவில் பூட்டிவிட்டு லீவர்களால் மட்டும் ஓட்டுங்கள். சக்கரத்தையும் லீவரையும் சேர்த்து ஆட்டினால் எது என்ன செய்கிறது என்று உங்களுக்கே தெரியாது. லீவரை ஒரு நொடி போட்டு எடுத்து, படகு என்ன சொல்கிறது என்று பார்த்து, மறுபடி ஒரு நொடி. பின்னோக்கிப் போகும்போது நீங்களும் பின்னோக்கித் திரும்பி நின்றுகொண்டால் கை குழம்பாது.

பக்கக்காற்றில் முன்முனைகள் முதலில் தள்ளப்படும். ஆழமான கீல் இல்லாததால் வேகம் குறையக் குறைய வழுக்கல் கூடும். அதனால் குறுகிய வழியில் காற்றோடு போராட வேண்டி வந்தால், பின்புறத்தைக் காற்றுக்குக் காட்டிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலும் நிதானமானது. முன்முனை தானாக ஒதுக்குப் பக்கம் தொங்கிக்கொள்ளும், நீங்கள் பின்னால் இழுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

துறையிலிருந்து காற்று தள்ளும்போது பக்கவாட்டில் கட்டுவதற்கு ஒரே ஒரு கயிறு போதும், அது சரியான கயிறாக இருந்தால். படகின் நடுக் கிளீட்டிலிருந்து (கயிறு கட்டும் கொம்பு), துறையில் உங்கள் பின்புறத்துக்கு நேரே இருக்கும் கிளீட்டுக்கு ஒரு ஸ்பிரிங் கயிறு (படகு முன்னே நகராமல் பிடிக்கும் சாய்வுக் கயிறு). அதை மாட்டியதும் வெளிப்பக்க எஞ்சினை மெதுவாக முன்னோக்கிப் போடுங்கள். படகு முன்னே போகப் பார்க்கும், கயிறு பிடிக்கும், படகு துறையோடு ஒட்டிக்கொள்ளும். முன்முனை அதிகமாக உள்ளே வந்தால் சக்கரத்தைத் துறைக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள், அல்லது உள்பக்க எஞ்சினுக்கு மாறுங்கள். (எஞ்சினின் காலே ஹல்லுக்கு அடியில் இறங்கும் சில சேல்டிரைவ் படகுகளில் புரொப்பெல்லர் சுக்கானிலிருந்து தள்ளி இருப்பதால் சக்கரத்தின் பலன் குறைவாக இருக்கும், அங்கே எஞ்சின் மாற்றம்தான் வேலை செய்யும்.) அந்த ஒரு கயிறும் ஒரு எஞ்சினும் பிடித்து நிற்க, மற்றக் கயிறுகளை நிதானமாகக் கட்டலாம். குதிப்பதும் கத்துவதும் வேண்டாம்.

மாறாக, காற்று துறையோடு அழுத்திப் பிடித்திருக்கும்போது கிளம்ப: உள்பக்க முன்முனையில் பெரிய ஃபெண்டர், அந்த முன்முனையிலிருந்து பின்னோக்கித் துறைக்கு ஒரு கயிறு, இரட்டையாகப் போட்டு உங்கள் கையில் முனை. வெளிப்பக்க எஞ்சின் மெதுவாக முன்னோக்கி. முன்முனை ஃபெண்டரில் அழுந்தி, பின்புறம் திறக்கும். 30, 40 டிகிரி திறந்ததும் நியூட்ரல், கயிற்றை உருவிக்கொண்டு இரண்டு எஞ்சினும் பின்னோக்கி. திறக்கும் கோணத்தில் கஞ்சத்தனம் பண்ணினால் பாதி வழியில் காற்று மறுபடி ஒட்டிவிடும்.

நங்கூரத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: பிரைடில் (இரு கால் கயிறு) இல்லாமல் தூங்கப் போகாதீர்கள். இரண்டு முன்முனையிலிருந்தும் நைலான் கயிறு, ஒவ்வொன்றும் குறைந்தது படகின் அகலம் அளவு, சங்கிலியில் சேரும் இடத்தில் கொக்கி. இது இல்லாத கேட்டமரன் இரவெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் அலையும், வெட்டி வெட்டி இழுத்து நங்கூரத்தையே பிடுங்கும். சங்கிலி நீளம் கணக்கிடும்போது ஆழத்தோடு ஓதமும் முன்முனை உயரமும் சேர வேண்டும்: 4 மீட்டர் ஆழம், 2 மீட்டர் ஓதம், ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் ஏழரை, ஐந்து மடங்கு போட்டால் 37 மீட்டருக்கு மேல்.

புயல் காற்று. இங்கே கேட்டமரனுக்கு இரண்டு பெரிய ஆபத்து: முன்னால் ஓடும் அலையின் முதுகில் முன்முனை குத்திக் குப்புறக் கவிழ்வது, உடையும் பெரிய அலை பக்கவாட்டில் பிடிப்பது. இரண்டுக்கும் மருந்து வேகத்தை அடக்கி, பின்புறத்தையோ முன்புறத்தையோ அலைக்குக் காட்டிக்கொண்டே இருப்பது. ஆழ்கடல் அலையின் வேகம் நாட்டில், அதன் இடைவெளி நொடிகளைப்போல மூன்று மடங்கு. 8 நொடி அலை 24 நாட்டில் வருகிறது. அதை முந்தி ஓட முடியாது. அரைகுறையாக ஓடினால் அதன் முகத்தில் சறுக்கிக்கொண்டே அடுத்ததில் குத்துவீர்கள். பாயே இல்லாமல் வெறும் பாய்மரத்திலேயே 10, 12 நாட் வருகிறது என்றால் ட்ரோக் (பின்னால் இழுத்து வேகத்தை அடக்கும் சாதனம்) போடும் நேரம் வந்துவிட்டது. 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயப் புயலுக்குப் பிறகு அமெரிக்கப் பொறியாளர் டொனால்ட் ஜோர்டன் வடிவமைத்த தொடர் ட்ரோக்கில், நீண்ட கயிற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னத் துணிக் கூம்புகள் வரிசையாக இருக்கும். அதை இரண்டு பின்முனையிலிருந்தும் பிரைடில் போட்டு இழுத்தால், கேட்டமரனின் அகலமே படகை நேராகப் பிடித்து வைக்கும். முன்முனையிலிருந்து பாராசூட் நங்கூரம் போடுவதும் ஒரு வழி. எதுவானாலும் அதைக் கட்டும் கிளீட்டுகள் அந்த இழுவையைத் தாங்குமா என்பதைத் துறையில் இருக்கும்போதே பார்க்க வேண்டும். சாதாரண கிளீட் பல படகுகளில் தாங்காது.

கவிழ்வது அரிது, ஆனால் கவிழ்ந்த கேட்டமரன் தானாக நிமிராது. அதே சமயம் பெரும்பாலும் முழுகவும் செய்யாது. 1989-ல் நியூசிலாந்துக்கு அப்பால் ரோஸ்-நோயெல் என்ற மூன்று ஹல் படகு கவிழ்ந்தபோது, அதிலிருந்த 4 பேர் கவிழ்ந்த படகிலேயே 119 நாள் மிதந்து உயிரோடு கரை சேர்ந்தார்கள். ஆகவே படகை விட்டு நீங்கக் கூடாது. ஹல்லின் உள்பக்கச் சுவரில் இருக்கும் தப்பிக்கும் கதவுகள் கடலில் எப்போதும் இறுக மூடியிருக்கட்டும். அவசர பீக்கன் (உதவிக்கு சமிக்ஞை அனுப்பும் கருவி), கத்தி, டார்ச், தண்ணீர் ஆகியவை படகு தலைகீழானாலும் கை எட்டும் இடத்தில் கட்டி வையுங்கள். உள்ளே உட்கார்ந்து, தரை கூரையாகிவிட்டது என்று கற்பனை செய்து, எது எங்கே விழும் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் இடம் தானாகத் தெரியும்.

நீண்ட பயணத்துக்கு முன் இரண்டு நாள் ஒதுக்குங்கள். 12 நாட் காற்றில் பத்து டேக், பத்து ஜைப், எஞ்சின் தொடாமல். பின்காற்றிலேயே மூன்று ரீஃபும் போட்டு எடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபெண்டரைத் தண்ணீரில் போட்டு, அதை ஆளாக நினைத்து மீட்டு வாருங்கள். அருகில் வரும்போது எஞ்சின் நியூட்ரலில் இருக்க வேண்டும், பின்படி அலையில் மேலும் கீழும் அடிக்கும் என்பதையும் பார்த்துக்கொள்வீர்கள். அப்புறம் ஆளில்லாத மிதவை ஒன்றின் அருகே பக்கக்காற்றில், சுக்கானைப் பூட்டி, லீவர்களை மட்டும் வைத்து ஐந்து நிமிடம் அதே இடத்தில் நின்று காட்டுங்கள். ஐந்து நிமிடம் நிற்க முடிந்தால், எந்தத் துறைக்கும் போகலாம்.